ஆக்குபேஷனல் தெரபி: எந்தத் தொழிலுக்கான சிகிச்சை?

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தபோது மருத்துவமனையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 'தொழில்சார் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும்' என்று இருந்தது. பெரியம்மா அதைப் படித்துவிட்டு, "இவருக்கு 72 வயசாச்சு. இனிமே எந்தத் தொழிலுக்குப் போகப்போறார்? அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்றார். சீட்டு பத்து நாள் பையிலேயே கிடந்தது. பக்கவாதத்துக்குப் பிறகான முதல் வாரங்கள் எவ்வளவு முக்கியமானவை என்று பின்னால் தெரிந்தபோது மனசு ஆறவே இல்லை. ஒரு சொல் புரியாமல் போனதில் பத்து நாள் போய்விட்டது. ஆக்குபேஷனல் தெரபியைத்தான் அப்படித் தமிழில் எழுதியிருந்தார்கள்: அன்றாடச் செயல்களை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சை. அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆக்குபேஷன் என்றால் இன்று வேலை, உத்தியோகம். படிவங்களில் பெயருக்கும் முகவரிக்கும் கீழே கேட்பார்களே, அதுதான். ஆனால் அதன் வேர் லத்தீன் மொழியின் 'ஒக்குபாரே': பிடித்துக்கொள்ளுதல், கைக்கொள்ளுதல். இடத்தைப் பிடிப்பதும் நேரத்தைப் பிடிப்பதும் அதற்குள் அடக்கம். ஒருவரின் நேரத்தையும் மனத்தையும் எது பிடித்து வைத்திருக்கிறதோ அது அவருடைய ஆக்குபேஷன். 'தெரபி' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'தெரபேயா' என்றால் அருகில் இருந்து கவனித்தல், பணிவிடை. குணப்படுத்துதல் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

இரண்டையும் சேர்த்து 1914இல் வழங்கத் தொடங்கியவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். அவர் மருத்துவர் அல்ல, அமெரிக்கக் கட்டடக்கலைஞர். காசநோயில் அடிபட்டு, பிறகு உடம்பின் இடப்பக்கமும் செயலிழந்து போனவர். நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு வீட்டை வாங்கி, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து செய்தே தன் உடம்பை மீட்டுக்கொண்டார். 'ஆறுதல் இல்லம்' என்று பொருள்படும் பெயரை அந்த வீட்டுக்கு வைத்தார். 1917 மார்ச்சில் அதே வீட்டில் சிலர் கூடி இந்தத் துறைக்கான முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளியாக இருந்து மீண்ட ஒருவர் வைத்த பெயர் இது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். படுத்துக் கிடப்பவருக்கு மறுபடி ஏதாவது செய்ய முடிந்தால் போதும் என்ற தவிப்பு அதற்குள் இருக்கிறது.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். பிறப்பால் அமெரிக்கர், திருமணத்தால் இந்தியர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் இந்தத் துறைக்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

சரி, தமிழுக்கு வருவோம். 'தொழில்சார் சிகிச்சை' என்று மொழிபெயர்த்தவர் தவறு செய்யவில்லை. தொழில் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் செயல்தான். சைவர்கள் சொல்லும் ஐந்தொழிலில் சம்பளம் ஏது? படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் எல்லாம் செயல்கள். பள்ளியில் படித்த தொழிற்பெயரையும் நினைத்துப் பாருங்கள்: உண்ணல், உடுத்தல், நடத்தல், எழுதுதல், ஆடுதல். பெரியப்பாவின் சிகிச்சையாளர் முதல் நாள் நிரப்பிய படிவத்தைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சாப்பிடுதல், உடுத்துதல், குளித்தல், கழிப்பறைக்குப் போதல், படுக்கையிலிருந்து எழுதல் என்று அது முழுக்கத் தொழிற்பெயர்கள். ஆக்குபேஷனின் பழைய பொருளும் தொழிலின் பழைய பொருளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தொழிற்சாலை, தொழிலாளர், தொழில்வரி என்று பேசிப் பேசி நம் காதில் அந்தச் சொல் சுருங்கிவிட்டது. பெரியம்மா கேட்டது அந்தச் சுருங்கிய தொழிலைத்தான்.

அந்தச் சிகிச்சையாளர் ஓர் இளம் பெண். "ஒரு நாள்ல என்னென்ன செய்வீங்க ஐயா? எதை மறுபடி செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். பெரியப்பா குழறிக் குழறிச் சொன்னார்: தானே வேட்டி கட்ட வேண்டும், நெற்றியில் விபூதி இட வேண்டும், கையால் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும். அந்த மூன்றும்தான் இலக்கு.

இயன்முறை மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்பதுண்டு. பிசியோதெரபிஸ்ட் பெரியப்பாவின் தோளையும் முழங்கையையும் அசைய வைத்தார். இந்தப் பெண் அதே கையை விபூதிக் கிண்ணத்திலிருந்து நெற்றிவரை போக வைத்தார். இரண்டும் வேண்டும். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்ற சின்ன விதியை அவர்தான் கற்றுக்கொடுத்தார். தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி. கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடி நிற்கும். கடைகளில் விற்கும் வெல்க்ரோ வேட்டி. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. உடம்பு மாறுகிற வேகத்துக்கு வீடும் கொஞ்சம் மாறிக்கொடுக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பாதி வேலை.

சோறு பிசைவதுதான் கடினமாக இருந்தது. பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவதில் ஐந்து விரலும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்க வேண்டும். சப்பாத்தி மாவில் ஆரம்பித்து, அப்புறம் குழைந்த சாதத்துக்கு வந்தார்கள்.

குழந்தைகளின் தொழில் எது? விளையாட்டு. இந்த இடத்தில்தான் பெற்றோர் மிகவும் குழம்புகிறார்கள். பணம் கட்டி ஊஞ்சல் ஆட விடுவதா என்று கேட்கிறார்கள். ஊஞ்சல் ஆடும் குழந்தையின் உட்காது உடம்பின் சமநிலையைச் சேதியாக மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சட்டைக் காலரில் உள்ள லேபிள் உரசினால் கதறும் குழந்தை, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தை அடம் பிடிக்கவில்லை, அதற்கு அந்தத் தொடுதலும் சத்தமும் தாங்க முடியாத அளவில் போய்ச் சேரலாம் என்று எடுத்துச் சொன்னவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவர் பேசியதைப் புலன் ஒருங்கிணைப்பு என்கிறார்கள். ஆட்டிசத்தை இது 'சரிசெய்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளை தானே பல் துலக்க, வகுப்பில் உட்கார, மற்றவர்களோடு விளையாட வழி தேடித் தருவதுதான் இதன் வேலை.

கையெழுத்து வராத பிள்ளைக்கு எடுத்தவுடன் பென்சிலைத் திணிக்க வேண்டியதில்லை. பல்லாங்குழி போதும். கை நிறையச் சோழியை அள்ளி, மற்றவை விழாமல் ஒன்றை மட்டும் கட்டைவிரலால் தள்ளிக் குழியில் போடுகிறோமே, பென்சிலை ஆள விரல்களுக்கு அந்த நுணுக்கம்தான் வேண்டும். பூ தொடுப்பதும் கோலம் போடுவதும் இதே வரிசை.

தொழிலின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றாகச் சேர்ந்த இடம் வேலூர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1940களின் இறுதியில் அங்கே சி.எம்.சி. என்ற கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு வெளியே போனவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. கை பார்க்க நன்றாக இருந்ததால் பிச்சையும் கிடைக்கவில்லை. அதனால் சி.எம்.சி. வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் எழுந்தது. அங்கே அவர்கள் உணர்ச்சியற்ற விரல்கள் காயப்படாமல் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றார்கள்.

இனி, எந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்? 'தொழில்முறை சிகிச்சை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது இன்னும் குழப்பும். தொழில்முறை என்றால் இப்போது சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்தான் நினைவுக்கு வருவார். 'செயல்முறை'யைத் தேர்வுக்கூடம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'வினை' அழகான சொல், இலக்கணப்படியும் பொருந்தும். ஆனால் மாற்றுத்திறனுள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 'முன்வினை' என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே அவளைக் குத்தியிருப்பார்கள்.

நான் எழுதும்போது 'செயல்வழிச் சிகிச்சை' என்கிறேன். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்ததால் 'செயல்வழி' பெற்றோருக்குப் பழகிய சொல். செய்வதன் வழியாகக் கற்பதுபோல, செய்வதன் வழியாகத் தேறுவது. மருந்து இல்லாத வேலைக்கு 'மருத்துவம்' என்பதைவிடச் சிகிச்சை சரியாகப் படுகிறது. தனித்தமிழ் வேண்டுவோர் 'செயல்வழிப் பண்டுவம்' என்னலாம். கிராமங்களில் பண்டுவம் பார்ப்பது இன்னும் பேச்சில் உண்டு.

மருத்துவமனைக்குப் போனால் மட்டும் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். துறைக்காரர்கள் தங்களுக்குள் ஓ.டி. என்பார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கும் அதே சுருக்கம்தான். நீங்கள் ஓ.டி. எங்கே என்று கேட்டால் அறுவை அரங்கின் வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள்.