காலி லிஸ்ட்டுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ராத்திரி ஓடும் பில்லிங் ஜாப் ஒருநாள் விழுந்துவிட்டது. காலையில் லாகைத் திறந்தால், நோ-சச்-எலிமென்ட் எக்செப்ஷன், அதாவது கேட்டதைக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற பிழை. அந்த ஜாபின் நிரலை ரிவ்யூ செய்து சரி என்று சொன்னவன் நான்தான்.

ஜாவாவில் எழுதிய சின்ன இட்டரேட்டர் அது, தரவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் நிரல்துண்டு. கிளைக்குள் கவுண்டர், கவுண்டருக்குள் ஷிஃப்ட், ஷிஃப்ட்டுக்குள் பில் எண்கள் என்று லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டாகத் தரவு வரும். எத்தனை அடுக்கு என்பது கிளைக்குக் கிளை மாறும். அதை ஒரே வரிசையாக்கி, எண்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கடைசி ஷிஃப்ட்டில் ஒரு பில்கூட இல்லை, வெறும் காலி லிஸ்ட். 'இன்னும் இருக்கிறதா?' என்று ஹேஸ்நெக்ஸ்ட்டைக் கேட்டால் இருக்கிறது என்றது. நெக்ஸ்ட்டைக் கூப்பிட்டால் கொடுக்க ஒன்றுமில்லை. எல்லா பில்லும் முடிந்த பிறகு வந்த பிழை என்றாலும், மொத்தமும் ஒரே டிரான்ஸாக்‌ஷன் என்பதால் அந்த இரவின் வேலை முழுவதும் ரோல்பேக் ஆகி, செய்யாதது போலாகிவிட்டது.

இன்னும் பார்க்க வேண்டியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் ஸ்டாக்கில் ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும்தான் அந்த ஹேஸ்நெக்ஸ்ட் பார்த்தது. அலமாரியில் டப்பா இருக்கிறது, அதனால் வீட்டில் அரிசி இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. மூடியைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்?

ஆகவே உள்ளே இறங்கித் தேடும் வேலையை ஹேஸ்நெக்ஸ்ட்டிலேயே செய்துவிடுங்கள். ஸ்டாக்கில் எண்களை வைக்காமல் இட்டரேட்டர்களை வையுங்கள். மேலே இருக்கும் இட்டரேட்டர் தீர்ந்திருந்தால் அதை பாப் செய்யுங்கள், அதாவது எடுத்துவிடுங்கள். அது ஒரு லிஸ்ட்டைக் கொடுத்தால், அந்த லிஸ்ட்டின் இட்டரேட்டரை புஷ் செய்யுங்கள், அதாவது மேலே வையுங்கள். எண்ணைக் கொடுத்தால் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு ட்ரூ சொல்லுங்கள். ஸ்டாக் காலியாகும்வரை எண் கிடைக்காவிட்டால் ஃபால்ஸ். [1, [[], [2]], []] என்பதை இப்படி ஓட்டிப் பாருங்கள். 1 வரும், நடுவில் உள்ள காலி லிஸ்ட் சத்தமில்லாமல் கழியும், 2 வரும், கடைசிக் காலி லிஸ்ட்டும் கழிந்து 'இல்லை' என்ற சரியான பதில் கிடைக்கும்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஏற்கெனவே ஒரு எண் கையில் இருக்கும்போது ஹேஸ்நெக்ஸ்ட்டை மறுபடி கூப்பிட்டால் புதிதாகத் தேடக் கூடாது. தேடினால் கையில் இருந்தது தொலைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராமல் ஒரு பில் காணாமல் போகும். எனக்கு எக்செப்ஷனைவிட இதுதான் பெரிய பயம். கையில் இருக்கிறதா என்பதற்கு 'நல்' (null) என்ற வெற்று மதிப்பை அடையாளமாக வைக்காதீர்கள், தரவிலேயே 'நல்' வரலாம். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் பூலியன் ஒன்று தனியாக இருந்தால் போதும்.

லீட்கோட் என்ற புரோகிராமிங் பயிற்சித் தளத்தில் 341ஆவது கேள்வி இதேதான். இட்டரேட்டரை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே எல்லாவற்றையும் ஒரு அரேலிஸ்ட்டில் கொட்டிவிட்டாலும் அங்கே பாஸ் ஆகிவிடும். ஆனால் கேட்பவருக்கு முதல் பத்து எண்கள் போதும் என்றால், ஒரு கோடி எண்களை எதற்கு மெமரியில் அடுக்க வேண்டும்? இட்டரேட்டர்களின் ஸ்டாக் எத்தனை அடுக்கோ அத்தனை இடத்தை மட்டும்தான் எடுக்கும்.

பைத்தான்காரர்களுக்கு, உள்ளே கிடைப்பதை ஒவ்வொன்றாக அப்படியே வெளியே கடத்தும் 'யீல்டு ஃப்ரம்' 3.3 பதிப்பிலிருந்து இருப்பதால், ரிகர்ஷனோடு (ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கொள்வது) நாலைந்து வரியில் வேலை முடியும். நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அடுக்கு ஆழமானால் ரிகர்ஷன் வரம்பில் முட்டும். இயல்பாக அது 1000. அப்புறம், சுற்றிவரக்கூடிய எதையும் லிஸ்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'அ' என்ற ஒற்றை எழுத்து ஸ்ட்ரிங்கைச் சுற்றினால் மறுபடி 'அ'தான் வரும், இறங்கிக்கொண்டே இருப்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2019 முதல் இருக்கும், லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டைப் பிரிக்கும் ஃப்ளாட், நீங்கள் ஆழம் சொல்லாவிட்டால் ஒரு அடுக்கைத்தான் பிரிக்கும்.

நான் இப்போது ரிவ்யூவில் முதலில் தேடுவது டெஸ்ட் கோப்பைத்தான். [], [[]], [[[]], 1, []] மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஹேஸ்நெக்ஸ்ட்டை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு நெக்ஸ்ட்டைக் கூப்பிடும் டெஸ்ட் ஒன்று, ஹேஸ்நெக்ஸ்ட்டையே கூப்பிடாமல் நெக்ஸ்ட்டை மட்டும் கூப்பிடும் டெஸ்ட் ஒன்று. இவற்றோடு, அன்று இரவு வந்த தரவையே பில் எண்களை மாற்றி ஆறாவது டெஸ்ட்டாகச் சேர்த்துவிட்டு வந்தேன்.