குளோராக்ஸ் பாட்டிலுக்குள் அடங்கிக் கிடக்கும் மீள்வினை

தீபாவளிக்கு முந்தைய வாரம். பினாங்கில் ஏதோ ஒரு ஃபிளாட்டின் குளியலறை. தரையில் குளோராக்ஸ் ஊற்றித் தேய்த்தும் ஓரத்துக் கறுப்பு விடவில்லை. அதன் மேலேயே டாய்லெட் கழுவும் திரவத்தையும் ஒரு சுற்று ஊற்றிவிட்டு, வரவேற்பறைக்கு வாடை போகாமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, குந்தி உட்கார்ந்து பிரஷ் போடுகிறார்கள். சில நொடிகளில் கண் எரியும், தொண்டை இறுகும், இருமல் நிற்காது. 'மருந்து நல்லா வேலை செய்யுது' என்று இன்னும் நான்கு தேய் தேய்ப்பவர்களும் உண்டு.

நம்மூரில் எந்தக் கம்பெனி ப்ளீச்சாக இருந்தாலும் பேச்சில் அது குளோராக்ஸ்தான். சரக்கு ஒன்றே: ஏறக்குறைய 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட், மீதி தண்ணீர், கொஞ்சம் காரம். அந்தக் 'கொஞ்சம் காரம்' எதற்கு என்பதுதான் விஷயம்.

குளோரின் வாயு தண்ணீரில் கரையும்போது நடப்பது மீள்வினை:

குளோரின் + நீர் ⇌ ஹைப்போகுளோரஸ் அமிலம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம்

வலப்பக்கம் போகும் வேகமும் இடப்பக்கம் திரும்பும் வேகமும் சமமாகும் இடத்தில் சமநிலை நிற்கும். வினை அங்கே ஓய்ந்துவிடுவதில்லை; இரு பக்கமும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ப்ளீச் தயாரிக்கும்போது குளோரினைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் செலுத்துகிறார்கள். வலப்பக்கத்து அமிலங்களைக் காரம் தின்று, ஹைப்போகுளோரைட்டாகவும் உப்பாகவும் மாற்றிவிடும். தின்னத் தின்ன, அந்த இழப்பை ஈடுகட்ட வினை வலப்பக்கமே சாயும். 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியே (Le Chatelier) சொன்ன விதி இதுவே. பாட்டிலில் பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 11-க்கு மேல் இருக்கும்வரை குளோரின் வாயுவாகத் தலைகாட்டாது. டாய்லெட் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதை ஊற்றினால் முதலில் காரம் தீரும், பிறகு வினை இடப்பக்கம் திரும்பும், அடைபட்டிருந்த குளோரின் வாயுவாகக் கிளம்பும்.

எவ்வளவு கிளம்பும்? 100 மில்லி ப்ளீச்சில் ஏறக்குறைய 5 கிராம் ஹைப்போகுளோரைட். போதுமான அமிலம் சேர்ந்தால் அதிலிருந்து ஒன்றரை லிட்டருக்கு மேல் குளோரின் வாயு வரலாம். வழக்கமான உயரமுள்ள, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் குளியலறையில் அது முழுக்கப் பரவினால் ஏறக்குறைய 300 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வேலைத்தளப் பாதுகாப்பில் கொள்ளும் அளவு 10 பிபிஎம். அதாவது முப்பதில் ஒரு பங்கு வெளியேறினாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். போதாக்குறைக்கு குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். குந்தித் தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது.

வினிகர், எலுமிச்சை, புளி எல்லாம் இதே கணக்கில் சேர்த்தி. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் சிங்க்கிலேயே ப்ளீச்சில் ஊறிய துணியையும் போடாதீர்கள். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைக் கறை போக்க வைத்திருக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், பூனை மூத்திரம் ஆகியவற்றோடு ப்ளீச் சேர்ந்தால் வருவது குளோரமைன் என்ற நச்சு வாயு. அதுவும் நுரையீரலை விடாது.

அமிலம் பட்டதும் நடக்கும் வினை நொடிக் கணக்கு. அதே திரவம் பாட்டிலில் தானாகச் சிதைவது மாதக் கணக்கு. ஹைப்போகுளோரைட் மெல்ல மெல்லக் குளோரேட்டாகவும் உப்பாகவும் மாறுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் சிதைவின் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். செறிவு இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. மலிவாகக் கிடைக்கிறது என்று அடர்த்தியான ப்ளீச்சைக் கேன் கணக்கில் வாங்கி வெயில் படும் பால்கனியிலோ கார் பூட்டிலோ வைத்தால் லேபிளில் உள்ள சதவீதம் லேபிளில் மட்டும்தான் இருக்கும். தயாரிப்புத் தேதி பார்த்துச் சிறு பாட்டிலாக வாங்குவது மேல்.

உலோகமும் ஆகாது. செம்பு, நிக்கல் போன்றவை துளி கலந்தாலும் வினையூக்கியாகி, ஹைப்போகுளோரைட்டை உடைத்து ஆக்ஸிஜனைக் கிளப்பும். பித்தளைச் சொம்பால் மொண்டு, மிச்சத்தை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி இறுக மூடினால் பாட்டில் உப்புவது அதனால்தான். (குடிதண்ணீர் என்று பிள்ளைகள் எடுத்து வாயில் வைத்துவிடும் ஆபத்து இதைவிடப் பெரியது.)

தரை, கதவுப் பிடி துடைக்க 1000 பிபிஎம் போதும்: 5 விழுக்காட்டுப் ப்ளீச்சில் 20 மில்லி, அதாவது 4 டீஸ்பூன், 980 மில்லி தண்ணீரில். 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லி. முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்து, நன்றாக அலசிவிடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் கிருமியை விட்டுவிட்டு அதோடுதான் வினைபுரியும். துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். ஊற்றிய கையோடு அலசிவிட்டால் வினைக்கு நேரமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். சுடுதண்ணீர் வேண்டாம், சிதைவும் ஆவியும் சேர்ந்து கூடும். கரைத்தது ஒரு நாளைக்குத்தான்: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைக் குறைக்கும், வெளிச்சமும் தன் பங்குக்குக் கெடுக்கும்.

கொண்டோ நீச்சல் குளத்தில் இருப்பது இன்னொரு சமநிலை. கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமும், மந்தமான ஹைப்போகுளோரைட் அயனியும் பிஎச் 7.5-இல் பாதிக்குப் பாதி. 7-இல் முன்னது முக்கால் பங்கு, 8-இல் கால் பங்கு. டெஸ்ட் கிட்டில் குளோரின் அளவு சரியாகத் தெரிந்தாலும் பிஎச் 8-இல் குளம் பாதுகாப்பாக இருக்காது. மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' பெரும்பாலும் வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து உண்டான குளோரமைனின் வாடை.

கொண்டோ நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது பம்ப். சுழற்சிப் பம்ப் நின்ற பிறகும், பிஎச்சைக் குறைக்கச் சேர்க்கும் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் குழாயில் இறங்கிக்கொண்டே இருந்தால் இரண்டும் தேங்கிய நீரில் கலக்கும். பம்பைத் திரும்பப் போட்டதும் குளோரின் நேராகக் குளிப்பவர்கள் நடுவே வெளிவரும். தண்ணீர் ஓட்டம் நின்றால், இவற்றை அளந்து செலுத்தும் இரண்டு டோசிங் பம்புகளும் தானாக நிற்கும்படி இணைப்பு இருக்கிறதா என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். 'இருக்கு' என்றால் எதிரிலேயே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அப்போது குளத்தில் யாரும் இருக்கக் கூடாது.

வாயு கிளம்பிவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அலசி முடித்துவிடலாம் என்று திரும்பப் போகாதீர்கள். துணியில் பட்டிருந்தால் கழற்றுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறும் கொடுக்கக் கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் 999. இருமல் அடங்கியவர்களுக்கும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். அன்றிரவு அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு பாட்டில்களின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியாவில் இருக்கும் புசாட் ராச்சுன் நெகாராவிடம் (தேசிய நச்சு மையம்) மருத்துவர் ஆலோசனை கேட்டால் முதலில் தேவைப்படுவது அந்தப் பெயர்களும் சதவீதங்களும்தான்.