‘டார்க்’ என்பது இழுவிசை அல்ல, முறுக்கம்

“புதிய ஹயபூசா 150 என்எம் இழுவிசைத் திறனை வெளிப்படுத்துகிறது.” இப்படி ஒரு வரி இல்லாமல் தமிழில் பைக் விமர்சனம் எழுதுவதே இல்லை என்றாகிவிட்டது. காணொளிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், இழுவிசைத் திறனைக் ‘கக்குகிறது’ என்கிறார்கள். டார்க் (torque) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான் இந்தப் பாடு. இழுவிசைத் திறன் என்ற தொடரில் இழு, விசை, திறன் என்று மூன்று துண்டுகள் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுகூட டார்க்கைக் குறிக்காது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முறுக்குதல் என்று பொருள்படும் ‘டார்க்குவேரே’ என்ற லத்தீன் வினைதான் வேர். பழைய கெல்ட்டிய வீரர்கள் கழுத்தில் அணிந்த, கம்பிகளை முறுக்கிச் செய்த வளையத்துக்கும் இதே பெயர். நாம் அன்றாடம் சொல்லும் ‘டார்ச்சர்’ கூட இந்த வேரில் கிளைத்ததுதான். உடலை முறுக்கி வதைப்பது என்பது அதன் தொடக்கப் பொருள். பொறியியலுக்குள் இந்தச் சொல் 1884-இல் வந்தது. கொண்டுவந்தவர் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன்.

பொருளும் எளிதுதான். ஓர் அச்சைச் சுற்றி ஒன்றைச் சுழற்றப் பார்க்கும் விளைவு அது. விசையை, அச்சிலிருந்து அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் கிடைக்கும். அதனால்தான் ‘என்எம்’ என்ற அலகில் நியூட்டனோடு மீட்டரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசைக்கு அலகு வெறும் நியூட்டன். அலகிலேயே வேறுபாடு தெரியும்போது ‘விசை’ என்று எப்படி எழுத மனம் வருகிறது?

சரி, ‘இழுவிசை’க்கு வருவோம். இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். “வண்டி நல்லா இழுக்குது”, “புல்லிங் இல்ல” என்று ஓட்டுகிறவர்களும் மெக்கானிக்குகளும் சொல்வதுதான் மூலம். அந்தப் பேச்சில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆறாவது கியரில் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் போய்க்கொண்டிருக்கும் ஹயபூசாவின் கைப்பிடியை முறுக்கினால், தோள் பின்னால் போகிறது, கை நீள்கிறது, முன்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பது போலத்தான் தோன்றுகிறது. அந்த உணர்வுக்கு ‘இழுவை’ அருமையான சொல். ஆனால் அந்த இழுவை வேறு, எஞ்சினின் டார்க் வேறு. அதே ஹயபூசாவை 7,000 சுழற்சியில் முதல் கியரில் முடுக்குங்கள், பிறகு ஆறாவது கியரில் முடுக்குங்கள். இரண்டு தடவையும் எஞ்சின் தருவது அதே 150 நியூட்டன் மீட்டர்தான். முதல் கியரின் இழுவை மட்டும் ஆறாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். டார்க்கும் இழுவையும் ஒன்றென்றால் இந்த வேறுபாட்டை எந்தச் சொல்லால் எழுதுவது?

இதைவிடப் பெரிய சிக்கல், இழுவிசை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. இழுத்துக் கட்டிய கயிற்றிலோ கம்பியிலோ இருக்கும் விசைக்கு அதுதான் பெயர். பைக்கிலேயே அது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். முன் பற்சக்கரத்துக்கும் பின் பற்சக்கரத்துக்கும் நடுவே மேல்பக்கச் செயின் விறைத்து நிற்கிறதே, அந்த விறைப்பில் இருப்பது அசல் இழுவிசை. அதைப் பின் பற்சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால் பின் சக்கரத்துக்குப் போகும் டார்க் வரும். டார்க்குக்கும் இழுவிசை என்று பெயர் வைத்தால், இழுவிசையை ஆரத்தால் பெருக்கினால் இழுவிசை வருகிறது என்று எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வேகமாகப் போகும் வண்டியைக் காற்று பின்னுக்குப் பிடித்து நிறுத்தும் தடையையும் தமிழில் இழுவிசை என்றே எழுதுகிறார்கள். மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வண்டிக்கு எதிரி அதுதான். குனிந்து டாங்கில் நெஞ்சை ஒட்டிப் படுப்பதும், முன்கண்ணாடியை அப்படிச் சரித்து வடிவமைப்பதும் அதற்காகத்தான். ஒரே கட்டுரையில் வண்டியை முன்னால் தள்ளுவதும் இழுவிசை, பின்னால் பிடிப்பதும் இழுவிசை என்றால் படிக்கிறவர் என்ன செய்வார்?

அடுத்தது ‘திறன்’. “20 பிஎச்பி பவரையும் 27 என்எம் டார்க் திறனையும் வழங்கும்” என்று எழுதுகிறவர்களுக்கு, டார்க்கோடு ஏதாவது ஒரு தமிழ்ச் சொல் சேர்ந்தால் போதும் போலிருக்கிறது. திறன் என்பது பவர். நம் பள்ளிப் பாடநூல்களில் வாட்டில் அளக்கப்படுவது அதுதான். பந்தய ரக வண்டிகளைப் புரிந்துகொள்ள முக்கியமான விஷயமே பவரும் டார்க்கும் வேறு என்பது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் அந்த வண்டிகளின் குணமே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

நம் ஊரில் தயாராகும் இரண்டு வண்டிகளையே பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் உச்ச டார்க் 27 நியூட்டன் மீட்டர், 4,000 சுழற்சியில். ஓசூரில் உருவாகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு, 2020-இல் வந்த மாடலின் கணக்குப்படி, 27.3 நியூட்டன் மீட்டர், 7,700 சுழற்சியில். கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் முதலாவதின் பவர் 20-க்குச் சற்று மேல், இரண்டாவதின் பவர் 34 குதிரைத்திறன். எங்கிருந்து வந்தது இந்த வேறுபாடு? சுழற்சியிலிருந்து. கிளாசிக் 6,100 சுழற்சியில் தன் பவரின் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அப்பாச்சி 9,700 வரை போகிறது. டார்க்கை ஒரு நிமிடத்துக்கான சுழற்சியால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் பவர் கிடைக்கும். கிளாசிக்கின் நீண்ட வீச்சுள்ள ஒற்றை பிஸ்டன் குறைந்த சுழற்சியிலேயே நிதானமாக முறுக்கிக் கொடுக்கிறது. அப்பாச்சி அதே முறுக்கை நிமிடத்துக்கு இன்னும் பல ஆயிரம் தடவை கொடுக்கிறது.

பெரிய வண்டிகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஹயபூசா 1,340 சிசி: 150 நியூட்டன் மீட்டர், 190 குதிரைத்திறன். யமஹா ஆர்1 998 சிசி: 112 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் 13,500 சுழற்சியில் 200 குதிரைத்திறன். 2,458 சிசி எஞ்சின் கொண்ட டிரையம்ப் ராக்கெட் 3 அறிமுகமானபோது வெறும் 4,000 சுழற்சியில் 221 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. ஆர்1-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பவரோ 167 குதிரைத்திறன்தான். ‘டார்க் திறன் அதிகம், ஆனால் திறன் குறைவு’ என்று இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள், எழுதினவருக்கே புரியாது.

பவருக்கும் இதே கதிதான். ஒரே பத்தியில் சக்தி, ஆற்றல், திறன் மூன்றும் மாறி மாறி வரும். நம் பாடநூல்களில் எனர்ஜி ஆற்றல், பவர் திறன். இலங்கையில் எனர்ஜி சக்தி, பவர் வலு. ஆகவே ‘குதிரை சக்தி’ என்பது யாழ்ப்பாணத்து மாணவருக்கு வேறொன்றாகப் படும். குதிரைத்திறன் என்றே எழுதலாம், ஒரு குழப்பமும் இல்லை.

‘டார்க்’ என்றே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். பட்டறையில் டார்க் ரென்ச் என்று கேட்டு வாங்குகிறவரைத் திருத்த நான் போகமாட்டேன். ஆனால் எழுத்தில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. கறுப்பு வண்ணப் பதிப்புகளுக்கு ‘டார்க் எடிஷன்’ என்று பெயர் வைக்கிறார்கள். டார்க் சாக்லேட், டார்க் மோட் எல்லாமே தமிழ் எழுத்தில் இதே டார்க்தான். ‘டார்க் எடிஷனின் டார்க்’ என்று ஒரு தலைப்பு வந்தால் இருட்டா முறுக்கா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் தூய்மைக்காக மட்டும் பேசவில்லை. பிஸ்டன், கியர், செயின் எல்லாவற்றையும் மேலே அப்படியேதான் எழுதியிருக்கிறேன். தெளிவுக்கு உதவாத கடன்சொல்லை ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பாடநூல் சொல் ‘திருப்பு விசை’. இழுவிசையைவிட ஆயிரம் மடங்கு மேல். அச்சைச் சுற்றித் திருப்புவது என்ற கருத்தாவது அதில் இருக்கிறது. ஆனாலும் அங்கே விசை என்ற பழைய பிழை தங்கிவிட்டது. பைக் பற்றி எழுதும்போது இன்னொரு தொல்லையும் சேர்கிறது. வண்டியைத் திருப்புவது என்றால் நமக்கு வளைவில் திருப்புவதுதான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு வண்டி வளைவில் சாய்ந்து போவதை எழுதும் இடத்தில் ‘திருப்பு விசை’ என்று போட்டால், வண்டி திரும்பும்போது வரும் விசை என்றுதான் யாரும் படிப்பார்கள்.

என் சொல் முறுக்கம். லத்தீன் வேருக்கு நேர் நிகர் என்பது ஒரு காரணம்தான், முதன்மையான காரணம் அல்ல. இந்தத் துறையில் முறுக்கு என்ற வினை ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. கைப்பிடியை முறுக்குகிறோம், “முறுக்கிட்டுப் போறான்” என்கிறோம். மீசையை முறுக்குவதிலும், முறுக்கேறிய உடம்பிலும் வலு, மிடுக்கு என்ற சாயல் தானாகவே வந்துவிடுகிறது. எஞ்சினுக்கு அது எவ்வளவு பொருத்தம்! சொல்லாக்கமும் இயல்பானது: ஆக்கு, ஆக்கம், நீக்கு, நீக்கம், இயக்கு, இயக்கம், முறுக்கு, முறுக்கம். தின்பண்டத்தோடு குழம்புமே என்பவர்களுக்கு இந்த ‘அம்’ ஈறே பதில்.

தண்டு ஒன்று முறுக்குண்டு திரிவதை என்ன சொல்வது, அதுவும் முறுக்கம்தானே என்று ஒரு மறுப்பு வரக்கூடும். தமிழ் இலக்கணமே இதற்கு வழி வைத்திருக்கிறது. முறுகு தன்வினை, முறுக்கு பிறவினை. எஞ்சின் முறுக்குகிறது, தண்டு முறுகுகிறது. தண்டில் நேர்வது முறுகல், அதன்மேல் செலுத்தப்படுவது முறுக்கம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டித் தவிக்க வேண்டியதில்லை. அப்பர் தேவாரத்தில் “உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய” என்று வருகிறது. மத்தில் சுற்றிய கயிறு இறுகும்படி வாங்கிக் கடைவது. கயிற்றில் இருப்பது இழுவிசை, மத்து பெறுவது முறுக்கம். செயினும் பற்சக்கரமும் செய்வது இதைத்தான்.

முறுக்கம் என்ற சொல்லைக் கையில் எடுத்தால் இந்த வண்டிகளின் ஓசையைப் பற்றியும் ஒழுங்காகப் பேசலாம். இப்போது எல்லாம் ‘கர்ஜனை’தான், ஒற்றை சிலிண்டராக இருந்தாலும் நான்காக இருந்தாலும். ஓசை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வெடிப்பும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குத் தண்டை ஒருமுறை முறுக்கிவிட்டுப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. கிளாசிக் 6,100 சுழற்சியில் நொடிக்கு ஐம்பது முறை வெடிக்கிறது. கீழ்ச் சுழற்சியில் அந்த வெடிப்புகளைக் காது ஒவ்வொன்றாக எண்ணும், அதுதான் டுப் டுப். 13,500 சுழற்சியில் நான்கு சிலிண்டர் வண்டியில் நொடிக்கு 450 வெடிப்பு. எண்ண முடியாது, ஒரே சுரமாக இழைந்துவிடுகிறது. பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் போன்ற வழக்கமான நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 பாகைக்கு ஒரு வெடிப்பு என்று சீராக வரும். மேலே போகப் போக அது வீறிடும்.

2009-இல் யமஹா ஆர்1-இன் கிராங்கை மாற்றியபோது இந்தச் சீர் உடைந்தது. 270, 180, 90, 180 பாகை என்று இடைவெளி மாறி மாறி வந்தது. ஓசையும் வீறிடலிலிருந்து உறுமலுக்கு இறங்கியது. ஓசைக்காகச் செய்த மாற்றம் அல்ல அது. பழைய அமைப்பில் நான்கு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் கிளம்பும். அந்த நிற்றலும் கிளம்பலுமே தண்டில் ஓர் ஏற்றஇறக்கமான முறுக்கத்தை உண்டாக்கி, வெடிப்பினால் வரும் முறுக்கத்தோடு கலந்துவிடும். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினால் பின் சக்கரம் எவ்வளவு பெறுகிறது என்ற கணக்கு ஓட்டுகிறவருக்கு மங்கிப்போகும். புதிய கிராங்கில் இரண்டு பிஸ்டன் நிற்கும்போது மற்ற இரண்டும் வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால் அந்தக் கலப்படம் குறைந்தது. யமஹா தன் பந்தய வண்டியான எம்1-இல் முதலில் செய்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. இந்தப் பத்தியில் முறுக்கம் வரும் இடங்களில் ‘இழுவிசைத் திறன்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நட்டு. பின் சக்கர அச்சின் நட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் இருக்கும். டார்க் ரென்சை வைத்து அழுத்துகிறோம், குறித்த அளவில் ‘கிளிக்’ என்கிறது. அந்த நொடியில் நட்டு அசையவில்லை, எதுவும் சுழலவில்லை, பவர் சுழியம். வண்டியை எதுவும் இழுக்கவும் இல்லை. அங்கே ரென்ச் அளப்பது முறுக்கத்தை மட்டும்தான். ஆகவே விமர்சனம் எழுதுகிறவர்கள் ஹயபூசாவுக்கு இப்படி எழுதினால் போதும்: உச்சத் திறன் 9,700 சுழற்சியில் 190 குதிரைத்திறன், உச்ச முறுக்கம் 7,000 சுழற்சியில் 150 நியூட்டன் மீட்டர். எதையும் கக்க வேண்டியதில்லை.