எட்டு மடங்கு கசிவு: அமெரிக்கக் காருக்கும் ஜப்பான் காருக்கும் நடுவே சில மைக்ரான்கள்

டெக்சாஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பழைய கார் ஒன்று வாங்க வேண்டும். நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில், "கண்ண மூடிக்கிட்டு டொயோட்டா வாங்கு, இல்லன்னா ஹோண்டா வாங்கு, அமெரிக்கன் கார் பக்கமே போகாத" என்கிறார்களாம். 'இதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா, வெறும் நம்பிக்கைதானா?' என்று கேட்டிருந்தார்.

அறிவியல் இருக்கிறது, அதுவும் மிக அழகான அறிவியல். அதன்மேல் ஐம்பது ஆண்டு நம்பிக்கையும் படிந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

பழைய கதை பலருக்கும் தெரியும். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் அமெரிக்கர்கள் சிறிய கார்களைத் தேடினார்கள். அமெரிக்கக் கார்த் தொழிலின் மையமான டெட்ராய்ட் நகர நிறுவனங்கள் அந்த ஆண்டுகளில் அவசரமாகச் செய்த சிறிய கார்களில் பல சொதப்பின. 1970இலேயே வந்திருந்த செவர்லே வேகாவின் அலுமினிய இன்ஜின் சூடேறி ஆயிலைக் குடித்தது, உடம்பு துருப்பிடித்தது. அதே நேரத்தில் வந்து இறங்கிய ஜப்பான் கார்கள் பேசாமல் ஓடின. பெயர் கெட்டதும் பெயர் கிடைத்ததும் அப்போதுதான். ஆனால் ஒரே மாதிரி இரும்பு, ஒரே மாதிரி இயந்திரங்கள், ஒரே இயற்பியல் இருந்தும் ஒன்று உழைத்து மற்றது படுத்தது ஏன் என்பதை இந்தக் கதை சொல்வதில்லை. அதைச் சொல்வது ஒரு கியர்பாக்ஸ்.

ஃபோர்டு 1979இல் மஸ்டா நிறுவனத்தில் கால்வாசிப் பங்கை வாங்கியது. அதன்பின் 1980களின் தொடக்கத்தில், ஃபோர்டு கார்களுக்கான ஒரே வடிவ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இரண்டு இடங்களில் தயாரானது: ஒஹையோ மாநிலத்தில் பட்டேவியா என்ற ஊரிலிருந்த ஃபோர்டு ஆலையிலும், ஜப்பானில் மஸ்டாவிலும். வரைபடம் ஒன்றுதான், அளவுகளும் அதேதான். ஆனால் மஸ்டா செய்த கியர்பாக்ஸ் வைத்த கார்களுக்கு வாரன்டி புகார்கள் குறைவாக வந்தன. ஓட்டியவர்கள் அதில் சத்தமும் குறைவு என்றார்கள்.

ஃபோர்டு பொறியாளர்கள் இரண்டு பக்கத்துக் கியர்பாக்ஸ்களையும் பிரித்து, முக்கியமான பாகங்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். ஃபோர்டு பாகங்களில் குறையே இல்லை, எல்லாம் டாலரன்ஸுக்குள், அதாவது வரைபடம் அனுமதித்த அளவு வரம்புக்குள் இருந்தன. மஸ்டா பாகங்களும் டாலரன்ஸுக்குள்தான். ஆனால் மஸ்டா பாகங்களை அளந்தபோது அளவுக்கருவியின் முள் ஏறக்குறைய நகரவே இல்லையாம். கருவி பழுதாகிவிட்டது என்று அளந்தவர் நினைத்தாராம். தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவர்கள் இந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். அனுமதிக்கப்பட்ட அளவு இடைவெளியில் ஏறக்குறைய 70 சதவீதத்தை ஃபோர்டு பாகங்கள் நிரப்பிப் பரவியிருந்தன, மஸ்டா பாகங்கள் 27 சதவீதத்துக்குள் நெருக்கி நின்றன என்று அந்த ஒப்பீட்டைப் பற்றிய எழுத்துகளில் வருகிறது.

சரி, இரண்டுமே வரம்புக்குள் இருக்கும்போது வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் வருகிறது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மூளை என்று அந்தக் காலத்தில் இருந்தது வால்வு பாடி. ஒரு உலோகக் கட்டியில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்குள்ளும் முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறிய உருளை. அந்த உருளை நகர்ந்து எந்தக் கிளட்சுக்கு எப்போது ஆயில் அழுத்தம் போக வேண்டும் என்று முடிவு செய்யும். உருளை நகர வேண்டுமானால் துளைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் அதன் வழியே ஆயில் கசியும். எனவே நகரும் அளவுக்குத் தளர்வாகவும், அழுத்தம் போய்விடாத அளவுக்கு இறுக்கமாகவும் வைக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. துளையின் விட்டம் 20.000 முதல் 20.010 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். உருளையின் விட்டம் 19.970 முதல் 19.980 வரை இருக்கலாம். மிகச் சிறிய துளைக்குள் மிகப் பெரிய உருளை போனால் இடைவெளி 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மிகப் பெரிய துளைக்குள் மிகச் சிறிய உருளை போனால் 40 மைக்ரான். இரண்டுமே ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நான்கு பாகங்களும் பரிசோதனையில் 'பாஸ்'. இரண்டு மடங்கு இடைவெளி, கசிவும் இரண்டு மடங்காக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் மெல்லிய இடுக்கு வழியே பாகுநிலை (எளிதில் ஓடவிடாத கெட்டித்தன்மை) கொண்ட ஒரு திரவம் பாயும்போது, பாயும் அளவு இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காரணம் எளிது. சுவரை ஒட்டிய திரவ அடுக்கு நகராது, நடு அடுக்குதான் வேகமாகப் போகும். இடைவெளி அகன்றால் திரவம் போக இடம் கூடுவதோடு, நடு அடுக்கு சுவர்களின் பிடியிலிருந்து விலகுவதால் வேகமும் இருமடியாக (வர்க்கமாக) ஏறுகிறது. இடம் ஒரு மடி, வேகம் இரண்டு மடி, ஆக மொத்தம் மும்மடி. இரண்டின் மும்மடி (2 × 2 × 2) எட்டு. அதாவது, 'பாஸ்' ஆன இரண்டு வால்வுகளில் ஒன்று மற்றதைவிட எட்டு மடங்கு ஆயிலைக் கசியவிடும்!

இப்போது அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு, அனுமதித்த எல்லையின் நடுவில் கால்வாசிக்குள் மட்டும் பாகங்கள் வருகிற மாதிரி ஒரு ஆலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 27.5 முதல் 32.5 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். கசிவு வித்தியாசம் எட்டு மடங்கிலிருந்து 1.65 மடங்காகச் சுருங்கிவிடும். இரண்டு ஆலைகளிலும் நிராகரிக்கப்பட்ட பாகம் ஒன்றுகூட இல்லை என்பதை மறக்க வேண்டாம். இந்த இடத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

கசிவு கூடினால் என்ன ஆகும்? கிளட்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் தாமதமாக ஏறும். கிளட்ச் தட்டுகள் கவ்விப் பிடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் தட்டின் உராய்வுப் பூச்சு தேயும். தேய்ந்த தூள் ஆயிலில் கலந்து அதே வால்வுத் துளைகள் வழியே சுற்றிவரும், துளையை அராவி இடைவெளியை இன்னும் அகலமாக்கும். இடைவெளி அகன்றால் கசிவு மறுபடி மும்மடியில் ஏறும். எனவே 40 மைக்ரானில் தொடங்கிய வால்வு, 20 மைக்ரானில் தொடங்கியதைவிடப் பல ஆயிரம் மைல்கள் முன்னதாகவே படுத்துவிடும். இரண்டு எல்லைகளும் ஒரே வால்வில் மோதிக்கொள்வது அரிது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கியர்பாக்ஸில் ஒரு டஜனுக்கு மேல் வால்வுகள், ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கியர்பாக்ஸ்கள். அரிதானதும் அங்கே தினமும் நடக்கும்.

இதைக் கணித வடிவில் சொன்னவர் ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சி. வரம்பைத் தாண்டினால்தான் நஷ்டம் என்று நினைக்காதீர்கள், இலக்கிலிருந்து விலகும் ஒவ்வொரு மைக்ரானுக்கும் நஷ்டம் உண்டு, அது விலகலின் வர்க்கமாக வளர்கிறது என்றார். அவர் 1954-55இல் கொல்கத்தாவில் மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். வால்டர் ஷூஹார்ட்டை அவர் சந்தித்ததும் அங்கேதான். 1924இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கிய அமெரிக்கர் ஷூஹார்ட். அவர் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங்கும் அமெரிக்கர்தான். அவர் 1950இல் ஜப்பான் போய்த் தரக் கட்டுப்பாட்டுப் பாடம் எடுத்தார், அடுத்த ஆண்டே அவர் பெயரில் அங்கே ஒரு விருது வந்தது. சொந்த நாட்டில் அவரைப் பரவலாகக் கவனித்தது 1980இல், ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்த பிறகு. ஃபோர்டு அவரை அழைத்தது 1981இல்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புள்ளியியலுக்கும் அளவியலுக்கும் ஒதுக்கும் ஆராய்ச்சிப் பணத்தை நம் ஊர் அரசுகள் உப்புச்சப்பில்லாத செலவாகவே பார்க்கின்றன. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கருவிக்குக் கிடைப்பதில்லை. ஒரு நாட்டின் தொழில் எழுவதும் விழுவதும் இந்த அலங்காரமில்லாத அறிவியலில்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இன்னொன்று, 'ஜப்பான்காரர்களுக்கு ஒழுங்கு ரத்தத்திலேயே ஊறியது' என்ற பேச்சு. இதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரிமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. வேலைக்கு வராமை, சண்டை, மோசமான தரம் என்று பெயர் வாங்கி 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே இடத்தில் நம்மி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையும், பழைய தொழிற்சங்கத்தையும் வைத்துக்கொண்டுதான். மாறியது வேலை முறை. கோளாறு கண்ணில் பட்டதும் கயிற்றை இழுத்து மொத்த வரிசையையும் நிறுத்தும் உரிமை கடைசித் தொழிலாளிக்கும் கிடைத்தது. சீக்கிரமே அங்கே தயாரான கார்கள் ஜப்பானில் தயாரானவற்றுக்கு இணையாக நின்றன. எந்த ரத்தமும் மாறவில்லை.

அந்த ஆலையில்தான் பெயருக்கும் தரத்துக்கும் உள்ள தூரமும் வெளிப்பட்டது. டொயோட்டா கொரோலாவும், அதே காரைக் கொஞ்சம் முகம் மாற்றிய ஜெனரல் மோட்டார்ஸின் பிரிஸமும் ஒரே கூரையின் கீழ் தயாராயின. பிரிஸத்தில் அமெரிக்கப் பெயர்ப்பலகை, கொரோலாவில் ஜப்பான் பெயர்ப்பலகை. பழைய கார் சந்தையில் கொரோலாவுக்கு விலை அதிகம், பிரிஸத்துக்குக் குறைவு. விவரம் தெரிந்தவர்கள் பிரிஸத்தைத் தேடி வாங்கினார்கள்.

பெயர் மெதுவாகத்தான் மாறும். அமெரிக்கச் சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுகளுக்கும் மேல். இன்று ஒரு நண்பர் சொல்லும் தீர்ப்பு, பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஆலையில் வேறொரு வரைபடத்தில் செய்த காரைப் பற்றியது.

அதற்காக இப்போது எல்லாம் சமம் என்று சொல்லிவிட மாட்டேன். அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஆண்டுதோறும் எடுக்கும் நம்பகத்தன்மைக் கணக்கில் லெக்சஸும் டொயோட்டாவும் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கின்றன. டொயோட்டா ஒரே இன்ஜினை நீண்ட காலம் மாற்றாமல் வைத்திருப்பது இதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அவசரமாக மாறினால் யாருக்கும் சறுக்கும். டண்ட்ரா வண்டிக்குப் புதிய இரட்டை டர்போ வி6 இன்ஜினைக் கொண்டுவந்த டொயோட்டா, 2024 மே மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகளைக் கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது ('ரீகால்' என்பது இதைத்தான்). இன்ஜினைக் கடையும்போது விழுந்த உலோகத் துகள் உள்ளேயே தங்கிவிட்டிருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் வைத்த ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, இன்ஜினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் அளவும் மேற்பரப்பு வழவழப்பும் வரம்பைத் தாண்டியிருந்தன என்பது. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு என்ன வைத்தியம் தெரியுமா? 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதிலாக இன்னும் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில். பாகுநிலை கூடினால் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம் தடிக்கும், உலோகம் உலோகத்தைத் தொடாது. நாம் வால்வில் பார்த்த அதே மைக்ரான் விளையாட்டு.

எனவே டெக்சாஸ் நண்பருக்கு: பெயர்ப்பலகையைவிட, அந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் எத்தனை ஆண்டுகளாக அதே வடிவில் தயாராகின்றன என்று பாருங்கள். புது வடிவம் வந்த முதல் ஆண்டு வண்டி எந்த நாட்டுடையதாக இருந்தாலும் தள்ளிவையுங்கள். காரின் 17 எழுத்து அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டால், சரிசெய்யாத ரீகால் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். அப்புறம், கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் அந்த ஆயிலின் பாகுநிலை சுமார் ஐந்தில் ஒரு பங்குதான், கசிவு அந்த அளவுக்கு ஏறும். டெக்சாஸ் வெயிலில் 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்ற விளம்பரத்தை நம்பி ஓட்டிய கியர்பாக்ஸை நான் வாங்க மாட்டேன், அது கொரோலாவில் இருந்தாலும்.