வேலையை விட்டவர் சர்வரை விட்டாரா?

வெள்ளிக்கிழமை மாலை எச்ஆர் பக்கமிருந்து ஒரு மெயில் வரும். இன்னார் இன்றோடு விலகுகிறார், கணக்கை முடக்கவும். சர்வர் பார்ப்பவர் டெர்மினலைத் திறந்து, பாஸ்வேட் மைனஸ் எல் என்று அடித்து, யூசர் பெயரைப் போட்டு என்டர் தட்டுவார். ‘டன்’ என்று பதில் அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுவார். சின்ன நிறுவனங்களின் லினக்ஸ் சர்வர்களை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொடுப்பது என் வேலை. புதிய இடத்துக்குப் போனால் முதலில் யூசர் பட்டியலைத்தான் எடுத்துப் பார்ப்பேன். விலகிப் போனவர்களின் கணக்குகள் பூட்டித்தான் இருக்கும். அவர்கள் உள்ளே வரும் வழி மட்டும் திறந்தே கிடக்கும்.

(கட்டளைகளைப் போனில் சொல்கிற மாதிரி உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். சரியான எழுத்தும் ஸ்விட்சும் உங்கள் சர்வரின் மேன் பக்கத்தில், அதாவது கட்டளைக்கான கையேட்டில், இருக்கும்.)

அந்தப் பாஸ்வேட் மைனஸ் எல் கட்டளை செய்வது ஒன்றே ஒன்றுதான். /ஈடிசி/ஷேடோ கோப்பில் அந்த யூசரின் பாஸ்வேர்ட் ஹேஷுக்கு (பாஸ்வேர்டை உருமாற்றி வைத்திருக்கும் எழுத்துச்சரம்) முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்க்கும். அதன் பிறகு எந்தப் பாஸ்வேர்டை அடித்தாலும் ஒத்துப்போகாது. யூசர்மாட் மைனஸ் பெரிய எல் செய்வதும் இதையேதான். ஆனால் இன்றைக்கு யார் பாஸ்வேர்ட் அடித்துச் சர்வருக்குள் போகிறார்கள்? எஸ்எஸ்எச் கீ, அதாவது தொலைவிலிருந்து சர்வரைத் திறக்கும் சாவிக் கோப்பு, வைத்துத்தான் போகிறோம். கீயைச் சரிபார்க்கும்போது ஷேடோவில் உள்ள ஹேஷ் ஒப்பிடப்படுவதே இல்லை. உபுண்டு, டெபியன், ரெட்ஹேட் எல்லாவற்றிலும் எஸ்எஸ்எச் வழக்கமாகப் பேம் (யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் லினக்ஸின் பொது அமைப்பு) வழியாக ஓடுவதால், பாஸ்வேர்ட் பூட்டப்பட்ட யூசர் தன் கீயோடு வந்தால் உள்ளே விட்டுவிடும். இது ரகசியமும் இல்லை. பாஸ்வேட் கட்டளையின் மேன் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நாம்தான் அதுவரை படிப்பதில்லை.

கணக்கை உண்மையில் முடக்க, காலாவதித் தேதி போட வேண்டும். யூசர்மாட் மைனஸ் சின்ன இ, பக்கத்தில் 1. அந்த 1 என்பது 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாள். இந்தக் கணக்கு 1970 ஜனவரி 2-லேயே காலாவதி ஆகிவிட்டது என்று சர்வரிடம் சொல்கிறோம். இனி பாஸ்வேர்டும் செல்லாது, கீயும் செல்லாது. சேஜ் மைனஸ் எல் அடித்தால் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யக் கூடாது. டெபியன், ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் கிரானும் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) பேமைக் கேட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கணக்கு காலாவதி ஆனால் அந்த யூசரின் கிரான் வேலைகள் எல்லாம் நின்றுபோகும். லாகில் (சர்வரின் பதிவேட்டில்) ஒரு வரி விழும், அவ்வளவுதான். அந்த வரியை யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் பேக்கப், விலகிப்போன டெவலப்பரின் சொந்தக் கிரான்டாபில் (கிரான் வேலைப் பட்டியலில்) ஓடிக்கொண்டிருந்தது. அவர் கணக்கை முடக்கிய அன்றே பேக்கப்பும் நின்றுவிட்டது. பேக்கப் தேவைப்பட்ட அன்றுதான் அது தெரியவந்தது. அதனால் முடக்குவதற்கு முன்பே ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) இருந்து கிரான்டாப் மைனஸ் யூ போட்டு அவர் பெயரில் ஓடுவதைப் பாருங்கள். ஏட்க்யூ போட்டு, ஒருமுறை மட்டும் ஓட வேண்டி வரிசையில் நிற்கும் வேலைகளையும் பாருங்கள். நிறுவனத்துக்குத் தேவையானதை தனி ஆள் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சர்வீஸ் கணக்குக்கு மாற்றுங்கள். மனிதர் பெயரில் இருக்கிற கணக்கில் நிறுவனத்தின் வேலை ஓடவே கூடாது என்பது என் கட்சி.

சரி, காலாவதி போட்டாயிற்று. ஆனால் அது புதிதாக வருகிறவரை மட்டும்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை ஒன்றும் செய்யாது. மூன்று நாள் முன்பு திறந்த எஸ்எஸ்எச் இணைப்பு அப்படியே உயிரோடு இருக்கும். டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் புரோகிராம்) விட்டுப்போன வேலை ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்களைக் காட்டும் ஹூ கட்டளை போட்டுப் பார்த்து யாரும் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். ஷெல் (கட்டளை அடிக்கும் இடம்) திறக்காமல், வெறும் போர்ட் ஃபார்வர்டிங்குக்காக (வேறோர் இணைப்பை இந்தச் சர்வர் வழியாகக் கடத்துவது) போட்ட எஸ்எஸ்எச் டனல் அந்தப் பட்டியலில் வராது, ஏனென்றால் அதற்கு டெர்மினலே ஒதுக்கப்படுவதில்லை. அவர் பெயரில் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் மைனஸ் யூ போட்டால்தான் அகப்படும். ஷெல்லை நோலாகின் என்று மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நோலாகின் ஷெல்லைத்தான் மறுக்கும். டனல் போட ஷெல் தேவையில்லை. கீ இருந்தால், உங்கள் சர்வர் வழியாக உள்நெட்வொர்க்கில் இருக்கிற டேட்டாபேஸை அவர் வீட்டிலிருந்தே தொடலாம்.

வரிசையும் முக்கியம். முதலில் காலாவதி. அப்புறம் லாகின்சிடிஎல் மூலம் லிங்கர் வசதியை நிறுத்துவது, ஏனென்றால் அது இருந்தால் லாகின் இல்லாமலேயே அவருடைய சர்வீஸ்கள் சிஸ்டம்டியின் (சர்வரில் சர்வீஸ்களை நடத்தும் புரோகிராம்) கீழ் ஓடும். அதற்குப் பிறகு, அவர் பெயரில் ஓடும் எல்லாவற்றையும் நிறுத்த, பிகில் மைனஸ் கில் மைனஸ் யூ. மாற்றிச் செய்தால், நீங்கள் கொல்லக் கொல்ல அந்தப் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப இணைத்துக்கொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னது அவருடைய சொந்தக் கணக்கைப் பற்றி. பெரிய தலைவலி பொதுக் கணக்கு. ‘டெப்ளாய்’ என்றோ ‘உபுண்டு’ என்றோ ஒரு யூசர் இருக்கும், டீமில் எல்லாருடைய கீயும் அதன் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் வரிசையாக இருக்கும். யாருடைய கீ எது? வரியின் கடைசியில் பெயர் மாதிரி ஒன்று இருக்கும். அது வெறும் குறிப்பு, யாரும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ‘ரூட் அட் லோக்கல்ஹோஸ்ட்’ என்று நான்கு கீ இருந்த கோப்பையும் பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் எல்எஃப் போட்டால் ஒவ்வொரு கீக்கும் ஒரு ஃபிங்கர்பிரின்ட் (அந்தக் கீயை அடையாளம் காட்டும் குறி) கிடைக்கும். ஒவ்வொரு லாகினின்போதும் அதே ஃபிங்கர்பிரின்ட் டெபியன் வகையில் ஆத்.லாக் கோப்பிலும், ரெட்ஹேட் வகையில் செக்யூர் கோப்பிலும் பதிவாகும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எந்தக் கீ இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, எந்த ஐபியிலிருந்து வருகிறது என்று தெரியும். ஆள் தெரியாத கீயை எடுத்துவிடுங்கள். உரியவர் யாராவது இருந்தால் அவரே போன் செய்வார்.

கோப்பு ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எச் இயல்பாகவே ஆதரைஸ்டு கீஸ் என்ற கோப்போடு, அதே பெயரில் கடைசியில் 2 சேர்ந்த கோப்பையும் படிக்கும். பழைய காலத்து மிச்சம் அது. ரூட்டின் ஹோம் டைரக்டரியிலும் பார்க்க வேண்டும்.

பொதுக் கணக்கின் பாஸ்வேர்ட் விலகியவருக்குத் தெரியுமே என்று கேட்டால், “பாஸ்வேர்ட் லாகினையே நிறுத்திவிட்டோம்” என்பார்கள். நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். உபுண்டுவின் புதிய பதிப்புகளில் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் புரோகிராம்) கான்ஃபிக் கோப்பின் தொடக்கத்திலேயே இன்னொரு டைரக்டரியில் உள்ள கோப்புகளைச் சேர்க்கச் சொல்லும் வரி இருக்கிறது. எஸ்எஸ்எச்டியைப் பொறுத்தவரை முதலில் படித்த மதிப்புதான் செல்லும். கிளவுட் சர்வர்களில் கிளவுட்-இனிட் (சர்வர் முதலில் எழும்போது அமைப்புகளைப் போடும் புரோகிராம்) அந்த டைரக்டரியில் பாஸ்வேர்ட் லாகினை அனுமதிக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தால், நீங்கள் கீழே ‘நோ’ என்று எழுதியதற்கு மதிப்பே இல்லை. கோப்பைப் படித்து முடிவு கட்டாமல், எஸ்எஸ்எச்டி மைனஸ் பெரிய டி போடுங்கள். உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று அது சொல்லும்.

சூடோ உரிமை, அதாவது ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் உரிமை, எல்லாரும் பார்ப்பதுதான். டெபியன் வகையில் சூடோ குரூப், ரெட்ஹேட் வகையில் வீல் குரூப், அப்புறம் சூடோயர்ஸ்.டி டைரக்டரி. பலர் தவறவிடுவது டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) குரூப். அதில் இருப்பவர் ஹோஸ்டின் முழு டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து ரூட்டாக எதையும் மாற்றலாம். ஆகவே டாக்கர் குரூப்பில் ஒருவரைச் சேர்ப்பதும் ரூட் பாஸ்வேர்டைக் கையில் கொடுப்பதும் ஒன்றுதான். பாஸ்வேட் கோப்பில் மூன்றாவது பகுதி (யூசர் எண்) ரூட்டுக்குரிய 0 என்று இருக்கும் கணக்கு ரூட் தவிர வேறு ஏதும் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் அன்றைய வேலை அதுதான்.

கணக்கை அழித்தே விட்டால் என்ன என்று கேட்பார்கள். நான் உடனே அழிக்க மாட்டேன். யூசர்டெல் அவருடைய ஹோம் டைரக்டரிக்கு வெளியே இருக்கிற கோப்புகளைத் தொடாது. அவை பெயர் போய் வெறும் எண்ணோடு நிற்கும். யூசர்ஆட் புதிய கணக்குக்கு, இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அடுத்ததைக் கொடுக்கும். கடைசியாகச் சேர்ந்தவரின் கணக்கை அழித்திருந்தால், அடுத்து வருபவருக்கு அதே எண் கிடைக்கும். நேற்று வேலைக்கு வந்த பையன், போனவரின் கோப்புகளுக்கெல்லாம் சொந்தக்காரன் ஆகிவிடுவான். முடக்கி வைத்தால் எண்ணும் பத்திரம், யார் எதைச் செய்தார் என்ற தடயமும் பத்திரம். ஏற்கெனவே அழித்துவிட்ட சர்வர் என்றால் ஃபைண்ட் கட்டளையில் மைனஸ் நோயூசர் சேர்த்துத் தேடுங்கள், அனாதைக் கோப்புகள் வெளியே வரும்.

நெட்வொர்க் பக்கம் பெரும்பாலும் யாரும் வருவதே இல்லை. எஸ்எஸ் மைனஸ் டிஎல்என்பி அடித்து எந்த புரோகிராம் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் சர்வருக்குள் மட்டும். 0.0.0.0 என்றோ, சதுர அடைப்புக்குள் இரட்டைக் கோலன் என்றோ இருந்தால் எல்லாப் பக்கமும். “டெஸ்ட்டுக்காக” என்று திறந்து மறந்துபோன அட்மின் பேனல்கள் இங்கேதான் மாட்டும். யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) போட்டு மூடித்தானே இருக்கிறது என்றால், டாக்கரில் பப்ளிஷ் செய்த போர்ட்டுக்கு அது பொருந்தாது. டாக்கர் தனக்கென்று ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளைப் போட்டுக்கொள்வதால், பாக்கெட் யூஎஃப்டபிள்யூ விதிகளிடம் வராமலே கன்டெய்னருக்குப் போய்விடும். ஃபயர்வால் ஸ்டேட்டஸில் ‘டினை’ என்றே இருக்கும், வெளியிலிருந்து ஸ்கேன் செய்தால் திறந்திருக்கும். அதனால் எப்போதும் வெளி மெஷினிலிருந்து என்மேப் (திறந்த போர்ட்டுகளைத் தேடும் கருவி) போட்டுப் பார்ப்பதுதான் சரி.

ஃபயர்வால் விதிகளைப் படிக்கும்போது, அனுமதித்த ஐபிகள் ஒவ்வொன்றும் யாருடையது என்று கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் சேர்த்த பிராட்பேண்ட் ஐபிகள் நிறைய இடங்களில் இன்னும் இருக்கின்றன. வெளியே போகும் இணைப்புகளையும் பாருங்கள். சர்வரே ஒரு வெளி ஐபியின் 22-வது போர்ட்டுக்கு (எஸ்எஸ்எச் போர்ட்) நிரந்தரமாக இணைந்திருந்தால், அது ரிவர்ஸ் டனலாக (உள்ளிருந்து வெளியே போட்டு, அதன் வழியே வெளியாள் உள்ளே வரும் பாதை) இருக்கலாம். உள்ளே வருவதைத் தடுக்கும் எந்த விதியும் அதைத் தடுக்காது.

தொலைவிலிருந்து இதையெல்லாம் மாற்றும்போது உங்களையே வெளியே தள்ளிக்கொள்ளாமல் இருக்க, இரண்டாவது எஸ்எஸ்எச் ஜன்னலைத் திறந்தே வைத்திருங்கள். சூடோயர்ஸை (சூடோ உரிமைக் கோப்பு), பிழை இருந்தால் எச்சரிக்கும் விசூடோவில்தான் திருத்த வேண்டும். எஸ்எஸ்எச்டி மைனஸ் சின்ன டி போட்டுப் பிழை இல்லை என்று பார்த்த பிறகே ரீலோடு. உபுண்டுவில் ஐபி மாற்றம் என்றால் நெட்பிளான் ட்ரை, நீங்கள் 120 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி மாறிவிடும்.

இவ்வளவு பயம் தேவையா என்பவர்களுக்கு ஒரு வழக்கு. நெட்வொர்க் நிறுவனமான சிஸ்கோவிலிருந்து 2018 ஏப்ரலில் விலகிய ஒரு இன்ஜினியர், அதே ஆண்டு செப்டம்பரில், அமேசான் கிளவுடில் இருந்த சிஸ்கோவின் கட்டமைப்புக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து 456 மெய்நிகர் சர்வர்களை அழித்தார். 16,000-க்கும் மேற்பட்ட வெப்எக்ஸ் டீம்ஸ் (சிஸ்கோவின் வீடியோ மீட்டிங் சேவை) கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. சரிசெய்ய ஊழியர் நேரமாக மட்டும் சுமார் 14 லட்சம் டாலர் ஆனது, வாடிக்கையாளர்களுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அத்தனை பெரிய நிறுவனத்திலேயே அனுமதி ஐந்து மாதம் கழித்தும் செல்லுபடியாகியிருக்கிறது. கிளவுட் கன்சோல், ஏபிஐ டோக்கன், டிஎன்எஸ் கணக்கு இவையெல்லாம் லினக்ஸ் சர்வருக்கு வெளியே இருக்கிற கதவுகள். யூசர்மாட் அங்கே எட்டாது.

நம் நாட்டில் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வருகிறது. 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்துக்கும் கடமை இருக்கிறது. சிஇஆர்டி-இன் (இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டுவில் லாக்ரொட்டேட் இயல்பாக ஆத்.லாக் கோப்பை வாரம் ஒருமுறை சுழற்றி, பழையது நான்கை மட்டும் வைத்துக்கொள்ளும். அதாவது சுமார் ஒரு மாதம். அந்த 4-ஐ 26-க்கு மேல் மாற்ற ஒரு நிமிடம் ஆகாது.

விலகிப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தச் சர்வரில் ஏதாவது நடந்து, லாகில் உங்கள் கீயின் ஃபிங்கர்பிரின்ட் இருந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். லேப்டாப் திருடுபோய், கீ வேறு யார் கையிலோ இருந்திருந்தாலும் அப்படித்தான். கடைசி நாளுக்கு முன்பே ஒரு மெயில் போடுங்கள். என் கீ இந்த இந்தச் சர்வர்களில், இந்தக் கணக்குகளில் இருக்கிறது, ஃபிங்கர்பிரின்ட் இது, என் வீட்டு ஐபி ஃபயர்வாலில் இருக்கிறது, என் கிரான்டாபில் இன்னது ஓடுகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பதில் போடுங்கள் என்று. அந்தப் பதில் வந்ததும் உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.