பழைய பேனரில் பை தைத்து விற்கலாமா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் திருவிழா முடிந்து பல வாரமானாலும் பேனர்கள் வேலியில் தொங்கிக்கொண்டே இருக்கும். எல்லாம் பிவிசி பிளாஸ்டிக், புதைத்தால் மக்காது, எரித்தால் டையாக்சின் என்ற நச்சு கலந்த புகை. அதைக் கழுவி, வெட்டி, பை தைத்துப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற அக்காமார் என் ஆபீஸுக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: “லாயர், இதுல இருக்கிற படத்துக்காக எங்க மேல கேஸ் போடுவாங்களா?”

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பிரதியை முதல்முறை புழக்கத்தில் விடத்தான் உரிமையாளரின் அனுமதி வேண்டும். முறைப்படி விற்றுப்போன பிரதி அப்புறம் எத்தனை கை மாறினாலும் அவர் தடுக்க முடியாது. வெட்டித் தைக்கும்போது புதுப் பிரதியும் உருவாவதில்லை.

சிக்கல் கத்திரிக்கோலில் இல்லை, அச்சடித்த இடத்தில்தான். நம் ஊர் பேனர்களில் நிற்கிற முருகன் எங்கிருந்து வந்தார்? பாதி பேர் இணையத்தில் இறக்கியதுதானே! ஓவியரைக் கேட்காமல் அச்சடித்த பிரதிக்கு மேலே சொன்ன பாதுகாப்பு கிடையாது, அதைத் தெரிந்தே விற்பவரும் மாட்டலாம். அதனால் நான் சொல்வது: படம் யாருடையது என்று கோயிலில் கேளுங்கள், பதில் வரவில்லையா, பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தை வெளியே வைத்துத் தையுங்கள்.

வெளிநாட்டுக் கோர்ட்டுகளே இதில் ஒத்துப்போகவில்லை. போஸ்டரிலிருந்து மையைப் பெயர்த்துக் கேன்வாஸில் ஏற்றி விற்ற வழக்கில், காகிதம் வெறுமையாகிவிட்டது, பிரதி எண்ணிக்கை கூடவில்லை, ஆகவே மீறல் இல்லை என்று 2002இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில். ஏறக்குறைய அதே மாதிரி விஷயத்தில் 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் நேரெதிராக, காகிதத்துக்குக் கொடுத்த சம்மதம் கேன்வாஸுக்குச் செல்லாது என்றது. இரண்டும் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் வழக்கு வந்தால் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வருவோம்.

‘குப்பையைக் குறைக்கிறோம்’ என்பதைத் தனி விலக்காக நம் சட்டம் எங்கும் எழுதி வைக்கவில்லை. இன்னொன்று, உரிமையை விற்றுவிட்டாலும், தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் ஓவியர் தட்டிக் கேட்கலாம். சாமி முகத்தை மிதியடியாகத் தைக்காதீர்கள், கோர்ட்டுக்கு முன்னால் கோயில் கமிட்டியே வந்துவிடும்.

பை நன்றாக விற்கிறது என்று அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி டீ-சட்டையில் அடிக்கிறீர்களா? அது நேரடியான நகலெடுப்பு, மறுபயன்பாடு என்று சொல்லித் தப்ப முடியாது. பேனருக்குப் பதில் பழைய அரிசிப் பையை வெட்டித் தைத்தால், அதில் இருக்கிற கம்பெனிச் சின்னம் தனிக் கதை. அதற்கு 2019 வணிகச் சின்னச் சட்டம் இருக்கிறது, சின்னத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள்.