சங்கீத வகுப்பிலிருந்து பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்

கொழும்பில் ஒரு தனியார் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் பல வருடங்களாகப் படிப்பிக்கிறேன். தவணை முடிந்து பெற்றோரைச் சந்திக்கும்போது தவறாமல் வரும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "மிஸ், பிள்ளை கணக்கில பின்னுக்கு நிக்கிறான். சங்கீதப் பாட நேரத்தில அவனைத் தனியா வச்சுச் சொல்லிக் குடுங்கோ."

முன்பு நாங்களும் அப்படித்தான் செய்தோம். பிள்ளைக்குப் பிள்ளை வேகம் வேறு, தனிக்கவனம் வேண்டும். சரி. ஆனால் அதற்கான நேரம்? ஆங்கிலத்திலும் கணிதத்திலும் கை வைக்க மனம் வரவில்லை. சித்திரம், சங்கீதம், நடனம்தான் இலகுவாக அகப்பட்டன.

தரம் 4இல் ஒரு சிறுவன் பின்னங்களில் தடுமாறினான். வாரத்தில் இரண்டு நாள் சங்கீத அறையிலிருந்து கூட்டிவந்து பயிற்சித்தாள் கொடுத்தேன். ஒரு தவணை ஓடிப்போனது. பின்னமும் பிடிபடவில்லை, அவன் வகுப்பில் வாய் திறப்பதும் குறைந்தது. பாடசாலையில் அவனுக்கு "கெட்டிக்காரன்" என்ற பெயர் கிடைத்த ஒரே இடம் அந்த அறைதான் என்று சங்கீத ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

அவனைத் திருப்பி அனுப்பினேன். அப்புறம் ஒரு நாள் நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை: இது லகு. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு: ஒவ்வொரு தட்டும் வீச்சும் சேர்ந்தது ஒரு திருதம். மொத்தம் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை; இந்த முழுச் சுற்றுத்தான் ஒரு ஆவர்த்தனம். அவன் ஓரிடத்திலும் பிசகவில்லை.

மறுநாள் கணக்குக் கொப்பியை மூடச் சொல்லிவிட்டு, தாளம் போடச் சொன்னேன்.

"லகுவில் எத்தனை?"

"நாலு."

"முழுத் தாளத்தில் அது எவ்வளவு?"

கொஞ்சம் யோசித்தான். "பாதி."

"ஒரு திருதம்?"

"கால்."

"அரையும் இரண்டு காலும் சேர்ந்தால்?"

இன்னொரு முறை கையில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு ஆவர்த்தனம், மிஸ்" என்றான்.

இதை வைத்து, கணக்குக்கு உதவத்தான் சங்கீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாளத்தைத் தாளமாகவே ரசித்துப் படித்ததால்தான் அது அவன் கையில் இருந்தது.

இப்போது பின்தங்கிய பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தலைக் கணிதப் பாடவேளைக்குள்ளேயே சிறு குழுக்களாகச் செய்கிறோம். ஒரே பாடம், மூன்று விதமான பயிற்சித்தாள். ஆசிரியருக்கு வேலை கூடத்தான். ஆனாலும் யாரும் அழகியல் பாடத்தை இழப்பதில்லை.

வீட்டிலும் இதே கதை நடக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலில் நிறுத்தப்படுவது மிருதங்க வகுப்பும் பரதநாட்டிய வகுப்பும்தான். ரியூஷனுக்கு நேரம் வேண்டும் என்பது விளங்குகிறது. முழுதாக நிறுத்தாமல், வாரத்தில் ஒரு நாளாவது அந்த வகுப்புக்கு அனுப்புங்கள்.

பிள்ளைக்குப் பாடசாலை தேடுகிறவர்கள் கலைவிழாப் படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மேடையில் முன்வரிசையில் நிற்பது எப்போதும் அதே பத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். நேரசூசியைக் கேளுங்கள். பின்தங்கிய பிள்ளையை எந்தப் பாடவேளையில் தனியாக எடுப்பார்கள் என்று கேளுங்கள். அப்படியே சித்திர அறைச் சுவரையும் பாருங்கள். ஒரே தென்னைமரம், ஒரே சூரியன், ஒரே ஓலைவீடு முப்பது தாளில் தொங்கினால், அந்த அறையில் பிள்ளைகள் சொந்தமாக வரையவில்லை. ஏன் என்று அந்த ஆசிரியரிடமே கேளுங்கள்.